சிவப்புத் தொட்டித் தண்ணீர்

புகை!

கழிவுத் துணிக் குடோன் வாசலில், பனியன் துண்டு மூட்டைகளின் மேல்... வெள்ளையாய்... மெல்லச் சுருண்டு, சுருண்டு...

கழிவுத் துணி போட வந்த சித்ரகலா கையிலிருந்ததை அப்படியே கீழே போட்டாள்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பேயைவிடத் தீயிடம்தான் பயம் அதிகம். ஒரு பொறி போதும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் பார்வையிட வரும்போதெல்லாம் ஃபயர் டிரில் நடத்தி, 'புகையைக் கண்டால் யோசிக்காதே, வாளியைத் தூக்கு' என்று பழக்கி வைத்திருந்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை. சிவப்பு வாளியைத் தூக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரை வீசினாள்.

புஸ்ஸ்ஸ்... புகை இன்னும் பெரிதாய்ப் பொங்கியது!

"ஐயோ... ஏனுங்க! நிறுத்துங்க!"

மழைக்குள்ளிருந்து ஒருவன் ஓடி வந்தான். அதற்குள் அடுத்த வாளித் தண்ணீர் அவள் கையை விட்டுக் கிளம்பியிருந்தது. அது நேராக அவன் முகத்தில் போய் விழுந்தது.

இமைகளில் நீர் சொட்ட, அவன் விழித்துக்கொண்டு நின்றான். மழையில் நனைந்த கண்கள் இவ்வளவு கறுப்பாக இருக்குமா என்ன... சீ, இது என்ன நினைப்பு!

"தீ... தீங்க..." என்றாள், மூட்டையைக் காட்டி.

"தீ இல்லீங்க. ஐஸு."

"ஐஸ்ல எங்கியாச்சும் பொகை வருமா?"

"இது ட்ரை ஐஸுங்க. பொகையத்தான் உடும். ஆட்டோ கூப்பிடப் போனேன், பெட்டி நனைய வேண்டாம்னு இங்க வெச்சேன்... நீங்க குளிப்பாட்டி உட்டுட்டீங்க."

பின்னாலேயே ஓடி வந்த கோமளா, செக்கிங் டேபிளில் சித்ரகலாவுக்கு எதிரே நிற்கிறவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெட்டிய மட்டுமா குளிப்பாட்டுனா? உங்களையுந்தானுங்க! தொவட்டிக்கத் துணி வேணுமுங்களா? இங்க துணிக்கா பஞ்சம்?"

அவன் சிரிக்கவில்லை. மூடி நழுவியிருந்த தெர்மாகோல் பெட்டியின் முன்னால் முழங்காலிட்டான். உள்ளே ஐஸைக் காணோம். சாம்பல் நிறத் தண்ணீரில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள் மிதந்தன. ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். கல்லாய் உறைந்திருக்க வேண்டியது, சிவப்புச் சொட்டாய் உள்ளே ஓடியது.

"போச்சுங்க..."

அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

சித்ரகலாவுக்கு அழுகை முட்டியது. "உள்ள... என்னங்க இருந்துச்சு?"

அவன் பெயர் சரவணக்குமார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். கோபத்தில் நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ, அவள் கலங்கிய கண்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"உங்க கம்பெனில ஆர்டர் ஃபைல் ஆபீஸ்ல இருக்குமில்லீங்க? அந்த ஃபைலையே தைக்கிற எடத்துக்குக் கொண்டாருவாங்களா?"

"இல்லீங்க. மாஸ்டர் ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பாரு. அதைப் பாத்துத் தைப்பாங்க."

"அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ.ங்க. தைச்சு வர்ற பனியன்தான் புரோட்டீன். ஒவ்வொரு உசுருக்குள்ளயும் இந்த வேலைதான் நடக்குது."

"தைச்சு முடிஞ்சா சீட்டைக் கிழிச்சுப் போட்ருவாங்களே?"

"அங்கயும் கிழிச்சுருமுங்க. அதுக்குத்தான் எடுத்த ஒடனே உறைய வெக்கிறது. உருகுனா... சீட்டு தூள் தூளாப் போயிரும்."

பக்கத்துச் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் சில நுண்ணுயிர்கள் சிவப்புச் சாயத்தையே தின்று வாழ்கின்றனவாம். ஊர் ஊராய் அலைந்து கடைசியில் அந்த ஒரு தொட்டியில்தான் கண்டுபிடித்தானாம். குப்பிகளில் இருந்தது அந்தத் தண்ணீர்தான். எந்தச் சீட்டைப் பார்த்து, சாயம் தின்னும் புரோட்டீனை அவை தைக்கின்றன என்று தேடுகிறான்.

"சீட்டுன்னா வெறும் சீட்டுன்னுதான் முந்தி நெனைச்சிருந்தாங்க. இப்ப கொஞ்ச வருசமாத்தான் தெரியுது... சில சீட்டு தானாவே மடிஞ்சுக்குதுங்க. அந்த மடிப்புக்குள்ள ஒரு பொடி ரசாயனம் வந்து ஒக்காந்தாப் போதும், 'இனித் தைக்காதே'ன்னு சீட்டே நிறுத்தீரும்."

"சீட்டேங்களா? மாஸ்டரைக் கேக்காமயா?"

"மாஸ்டரைக் கேக்காமத்தான்."

அவளை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தான். அவள் சட்டென்று தன் விரல் நகங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அந்த மடிப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா, அதுங்கள நிக்காம தைக்க வெச்சிரலாம். நொய்யல் ஆத்துல போற சாயத்தை அதுங்களே தின்னாலும் தின்னுருமுங்க."

"அப்ப நாளைக்கு வந்து மறுக்கா எடுத்துக்குங்க..."

"இன்னைக்கே எடுத்தாலும் உறைய வெக்க ஐஸு இல்லீங்க. நாளைக்கு ஆயுத பூசைக்குத் தொட்டிய வழிச்சுக் கழுவறாங்களாமா. அதுக்கு முன்னால எடுத்தா உண்டு. ஆனா தொட்டி ஆபரேட்டரு நாளைக்கு வேலைக்கு வந்துருவாரு. இன்னைக்கு அவரு லீவுன்னுதான் மேனேஜரே உட்டாரு. தங்கவேலுன்னு பேரு. பயங்கரக் கோவக்காரராமா..."

சித்ரகலா கோமளாவைப் பார்த்தாள்.

"அவரு... எங்கப்பாங்க."

அவன் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டான்.

சாயப்பட்டறைகளைக் கோர்ட் மூடப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அது. பாட்டிலில் தண்ணீர் மொள்ளுகிறவன் எவனானாலும் மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஆள்தான் என்பது அப்பாவின் முடிவு. இவன் சொல்வது பொய்யாக இருந்தால்... அப்பாவின் வேலை போய்விடும். அப்புறம் வீடு என்னாவது? நிஜமாக இருந்தால்... ஒரு மனிதனின் இத்தனை நாள் அலைச்சலை அவள் ஒரு வாளித் தண்ணீரில் அழித்துவிட்டாள். நம்புவதா, வேண்டாமா?

மனம் முடிவு செய்வதற்குள் வாய் சொல்லிவிட்டது. "காலையில வாங்க. அப்பாகிட்ட நான் சொல்றேன்."

சொன்னாள். இரவுச் சோற்றில் வைத்த கையை அப்பா எடுத்துவிட்டார். "தண்ணி மோந்துட்டுப் போறவன், திரும்ப வர்றப்ப பூட்டோடதான் வருவான். உன்ற கிட்ட என்ன சொன்னாலும் நம்பாத." கொஞ்ச நேரம் கழித்து, "வரச் சொல்லு. மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் அவன் புதுப் பெட்டியோடு நின்றான். சித்ரகலா அவனை ஓரமாய் நிறுத்திக் கிசுகிசுத்தாள்.

"தண்ணில என்ன இருக்குதுன்னு எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு மட்டும் சொல்லீருங்க. வேற எதுவும் பேச வேண்டாம். சரிங்களா?"

அவன் தலையை ஆட்டினானா, இல்லையா? அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

தங்கவேலு வந்தார். முழங்கை வரை சிவப்பு. கழுவினாலும் போகாத சிவப்பு.

"நீ போர்டு ஆளா?"

"இல்லீங்க."

"இந்தத் தண்ணில என்ன கெடக்குதுன்னு நீ பாப்பியா, மாட்டியா?"

அவள் கண்களாலேயே கெஞ்சினாள். மாட்டேன்னு சொல்லுங்க... ஒரே ஒரு வார்த்தைதானே...

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"பாப்பேனுங்க. என்ன சாயம், எவ்வளவு உப்புன்னு தெரிஞ்சாத்தான் எங்க வேலையே ஆரம்பிக்கும். பட்டறை பேரை எங்கயும் போட மாட்டேன். ஆனா... நாளைக்குக் கோர்ட்டுல கூப்பிட்டுக் கேட்டா, தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க."

போச்சு! எல்லாம் போச்சு!

அப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தொட்டிச் சுவரிலிருந்து சிவப்புச் சேறு வழுக்கி, வழுக்கி, இறங்கிப் போனது.

"தண்ணி குடுக்க முடியாது" என்றார் முதுகைக் காட்டியபடியே. "டீ வேணா குடிச்சுட்டுப் போ, கண்ணு."

கண்ணு! வெளி ஆளை அப்பா அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. ஆனால் அதை நினைக்க இப்போது நேரமில்லை. காலிப் பெட்டியோடு வெளியே போகிறவனை ஓடிப் போய் மறித்தாள்.

"ஒரே ஒரு பொய்யிங்க! அதைச் சொல்லியிருந்தா என்ன? அத்தனை அலைஞ்சீங்களே!"

"வேற தொட்டி தேடிப் பாக்கறேனுங்க. கரூர்ப் பக்கமா போகோணும்."

"போங்க! ஆரு வேண்டாம்னா!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் கேட்காமல் இறங்கியது. அவன் போகவில்லை. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"உங்கப்பாகிட்டப் பேசற மொத பேச்சே பொய்யா இருக்கக் கூடாதுன்னு பாத்தேனுங்க..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மொத பேச்சா? அப்ப... இன்னொரு பேச்சும் இருக்குதுங்களா?"

அவன் காது நுனி சிவந்தது.

"இருக்குதுங்க. நேத்து மழையில இருந்தே இருக்குது. அது... தண்ணி கேக்கறதுக்கில்லீங்க."

தூறல் மறுபடி ஆரம்பித்தது. ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. கோமளா தேடிக்கொண்டிருப்பாள். சூப்பர்வைசர் கத்துவார். ஒன்றும் அவள் நினைவில் நிற்கவில்லை.

"இங்க பாருங்க..." தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப பொய் சொல்லியிருந்தீங்கன்னா, தண்ணி கெடைச்சிருக்கும். ஆனா அந்த ரெண்டாவது பேச்சை நான் காதுலயே வாங்கியிருக்க மாட்டேன்."

"இப்ப வாங்கிட்டீங்களா?"

"ம்..."

"அப்ப நான் அப்பாகிட்ட..."

"கேளுங்க. பயந்துட்டே கேட்டாலும் பரவால்ல..." அவள் குரல் மழையோடு மழையாய்த் தாழ்ந்தது. "எனக்குச் சம்மதம்னு நானே சொல்லீட்டேன்னு, அதையும் சேத்திச் சொல்லீருங்க."