அக்காவுக்குக் கிடைத்த நாற்காலி

இந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் உடம்பு சரியில்லை என்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு வயிற்றுவலி. தாமதமாக வருகிறவனுக்குத் தலைவலி. பள்ளிக்கூட வாசலில் காவல் காக்கிற எனக்கு முழங்கால் நிஜமாகவே வலிக்கிறது. என்னை யாராவது கேட்டார்களா?

அதனால்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அந்த அக்கா தங்கை இருவரில் அக்காவை நான் நம்பவே இல்லை.

காலையில் அவள் அப்பா சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார், அதுவும் மணி அடித்து வெகுநேரம் கழித்து. அதற்குத் தலைமையாசிரியை அனுமதி வேறு கொடுத்திருந்தார். இறக்கிவிட்டால், தரையெல்லாம் முள் கிடப்பதுபோல் நடப்பாள். அதே பெண் சாயங்காலம் பந்து விளையாடுவாள். கேட்டால் மூட்டுவாதமாம். அது என் வயசுக்காரர்களுக்கு வருகிற நோய். சின்னப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது?

என்னைவிட அதிகமாக வயிறெரிந்தவள் அவள் தங்கை. எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருடைய பையையும் சுமந்துகொண்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். வந்ததும் என்னிடம் புலம்பல் ஆரம்பமாகும். அக்காவுக்குச் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாளாம். மாதாமாதம் மருந்து வாங்க அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறாளாம், அதுவும் ஜன்னலோரத்தில் உட்காரவைத்து. பாத்திரம் கழுவுவது மட்டும் இவளாம்.

"எனக்கு ஒரு காய்ச்சல்கூட ஒழுங்கா வரமாட்டேங்குது தாத்தா" என்றாள் ஒருநாள்.

"உங்க அக்கா நடிக்கிறாளா?" என்று கேட்டேன். வாயாடி கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா."

எனக்கு அது போதும். நேரே போய்த் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவளே சொன்னபிறகு வேறென்ன சாட்சி வேண்டும்? இனிமேல் எந்தச் சலுகையும் கிடையாது, ஆண்டுத் தேர்வையும் எல்லோரையும்போல் காலையிலேயே எழுதவேண்டும் என்று அவர் அந்தப் பெண்களின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். எழுதாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

மறுநாள் வாயாடி வாசலில் புலம்பவில்லை. துருவிக் கேட்டதும் சொன்னாள். அக்கா விடியும் முன்பே எழுந்து, பேனா பிடித்துப் பழகப் பார்த்தாளாம். விரல் மடங்கவில்லையாம். பேனா விழுந்துகொண்டே இருந்ததாம். போட்டுக்கொடுத்தது யார் என்று தெரிந்தும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"கேட்டிருந்தா பரவால்ல தாத்தா. சண்டை போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பொறாமையில் பொய் சொல்லிவிட்டேன் என்றாள். காலையில் அக்காவுடைய மூட்டெல்லாம் இறுகிக்கிடக்கும், நேரம் ஆக ஆக இளகிவிடும், அதனால் அவளை மட்டும் மத்தியானம் எழுதவிடுங்கள் என்று கேட்டாள்.

காலையில் எழுதியவர்கள் வெளியே வந்து கேள்விகளைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றார் தலைமையாசிரியை.

வாயாடி திரும்பி என்னைக் கை காட்டினாள்.

"அதுவரைக்கும் அக்காவைத் தாத்தாகிட்ட உட்கார வைங்க டீச்சர். இவர் யாரையும் நம்பமாட்டார். ஒரு ஈ காக்கா பக்கத்துல வராது."

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

தேர்வு நாட்களில் அக்கா என் அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என் முழங்காலோடு நின்றேன். அவள் பையைக் கொட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தேன். அவள் பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையை வைத்துக்கொண்டாள். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கத் தொடங்கின. வலியில் அவள் உதட்டைக் கடித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோதும் கடித்தாள்.

வாயாடிக்கு அதிலும் எரிச்சல். "எனக்கு ஒரு நாளாவது இந்த நாற்காலியைக் கொடுத்திருக்கீங்களா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அவளையும் விரட்டிவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசித் தேர்வு எழுதிவிட்டு, விரலெல்லாம் மையோடு அக்கா வாசலுக்கு வந்தாள். கேள்வி ஒன்றையும் விடவில்லையாம். வாயாடி இரண்டு பையையும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அது உண்மையில் என்னதான் நோய் என்று கேட்டேன்.

"உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்களாம் தாத்தா" என்றாள் அக்கா. "வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்கிறதுதான் அவங்க வேலை. எனக்கு மட்டும் அவங்க ஆள் தெரியாம என் மூட்டையே அடிக்கிறாங்கன்னு டாக்டர் சொன்னாங்க."

"எந்தக் காவல்காரனாவது சொந்த வீட்டு ஆளையே அடிப்பானா?"

"அடிப்பாங்க" என்றாள் வாயாடி, தரையைப் பார்த்துக்கொண்டே. "யாராவது போட்டுக்கொடுத்தா நம்பிடுவாங்க."

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு காவல்காரனை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி, நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாசலைப் பூட்டப் போனேன்.