மாட்டு உப்பு

மந்தை மேய்ச்சலுக்குப் போய்விட்டிருக்க, அந்தச் சாம்பல் நிறப் பெண் லாமா மட்டும் பட்டியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. புல்லை நீட்டினாலும் முகர்ந்து பார்க்கவில்லை. பெனிக்னா அதன் கழுத்தைக் கட்டித் தூக்கினாள், துவண்டு விழுந்தது. இதற்கு முன் பதினொன்று இப்படித்தான் உட்கார்ந்தன. பதினொன்றையும், காதில் கட்டிய சிவப்பு நூலோடு, அவளே குழிவெட்டிப் புதைத்திருந்தாள்.

காலையில்தான் ஒரூரோ நகரத்திலிருந்து கால்நடை மருத்துவர் போன் செய்திருந்தார். "நீங்க அனுப்பின ஈரல் பூரா செம்பும்மா. மாசக்கணக்கா சத்தமில்லாம சேர்ந்து, ஒருநாள் சாய்ச்சிடும். மாட்டுக்குப் போடுற, செம்பு கலந்த தாது உப்பை லாமாவுக்குப் போட்டீங்களா?"

உப்பு வாங்கி வந்தவன் அவள் கொழுந்தன் நிக்கானோர்.

பற்களைக் கடித்தபடி சரிவேறிப் போனாள். அவன் முற்றத்தில், கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கி, கிடங்குக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மூட்டைல மாட்டுப் படம் போட்டிருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு அண்ணி. உப்புல என்ன மாட்டு உப்பு, லாமா உப்புன்னு..."

"லாமாவுக்குன்னு கேட்டு வாங்கினதா எங்கிட்ட சத்தியம் பண்ணினியே."

"அதுக்கு ஒரூரோ வரைக்கும் போகணும். யாரு போறது?"

இவ்வளவுதானா? ஒரு பஸ் பயணத்துக்குச் சோம்பி, பதினொரு உயிர். கையை ஓங்கினாள். அவன் ஒதுங்கவில்லை. கதவையே பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது: கதவுக்குப் பின்னால் பல நாக்குகள் எதையோ நக்கும் ஓசை, ஈரமாக, அவசரமில்லாமல், நடுநடுவே லாமாக்கள் தமக்குள் முனகும் அந்த மெல்லிய 'ம்ம்', கூடவே கதவிடுக்கில் கசிந்த புதுமண்ணும் அழுகலும் கலந்த வாடை.

"உள்ள என்ன கட்டி வச்சிருக்க?"

"ஒண்ணும் கட்டல. மூணு நாளா இப்படித்தான். மிச்ச மூட்டை அங்கதான் இருக்கு. திறக்காதீங்க அண்ணி."

தாழ்ப்பாளை இழுத்தாள்.

கிழிந்த மூட்டைகள். நீளக் கழுத்துகள். முதுகெல்லாம் குழி மண். காதுகளில் அவள் கட்டிய சிவப்புக் கம்பளி நூல்.

நக்குவது நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தன.

மெல்ல விலகின. நடுவில் ஓர் ஆளுக்கு இடம்.

நிக்கானோர் எழுந்து வந்தான். அழுதுகொண்டே வந்தான்.

"பிடிச்சுக்கங்க அண்ணி."

அவன் கால்கள் அவனை மீறி உள்ளே நடந்தன. கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். அவள் நீட்டவில்லை.

மண்டியிட்டான். உப்பின் மேல் குனிந்தான். நாக்கை நீட்டினான். இரு பக்கமிருந்தும் கழுத்துகள் நெருங்கி, அவன் முதுகு தெரியாமல் மூடின.