உப்பரசியின் கடைசி அத்தியாயம்

காலை 10.40. ஸ்கேன் அறையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பிய இன்ஸ்பெக்டரம்மா கட்டிலில் சாய்ந்து, தலையணைக்கடியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். நாற்பதாம் அத்தியாயம் இருந்தது. அதை அடுத்துப் பின்னட்டைதான் இருந்தது. கடைசி அத்தியாயத்தை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பதினோரு வருடம், ஆறு தடித்தடிப் பாகங்கள். ரோந்து ஜீப்பிலும் நீதிமன்ற வராந்தாவிலும் உட்கார்ந்து படித்த மாயாஜாலக் கதை. அதன் நாயகி உப்பரசி போரில் ஜெயித்துக் கோட்டைக்குள் காலெடுத்து வைக்கும் நேரம் பார்த்து ஸ்கேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வயிற்றில் கட்டி எடுத்து எட்டு நாள்தான் ஆகிறது. தையல் இழுக்கும் என்பதால் வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை.

கத்த முடியாதவள் விசாரணையைத் தொடங்கினாள். வெட்டுப்பட்டு மிஞ்சிய ஓரங்களை விரலால் தடவி எண்ணினாள். போனவை பதினோரு தாள்கள். முதுகோரம் அரை அங்குலம் விட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக வெட்டு. பின்னட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

10.55. நர்ஸ் மாத்திரையோடு வந்தாள்.

"சிஸ்டர், நான் ஒன்பதே காலுக்குப் போனேன். அப்புறம் யார் யார் உள்ள வந்தாங்க?"

"நான் பெட்ஷீட் மாத்தினேன் மேடம். உங்க தம்பி துணிப்பை வெச்சுட்டு உடனே போயிட்டார். உங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்."

"உங்க டிராலியில பிளேடு இருக்கா?"

"இருக்கு. நான் எதுக்கு மேடம் வெட்டறேன்? உங்ககிட்ட வாங்கி இப்பதான் மூணாம் பாகம் படிக்கிறேன். முடிவை மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சறதே நான்தானே."

11.10. தம்பியைப் போனில் பிடித்தாள்.

"என் புத்தகத்துல கை வெச்சியா?"

"அந்தச் செங்கல்லையா? அதைத் தூக்கினாலே எனக்குக் கை வலிக்கும்க்கா."

பொய்யில்லை. கவரையே பல்லால் கிழிக்கிறவன் அவன். அவன் கை பட்டிருந்தால் அட்டையும் சேர்ந்து வந்திருக்கும்.

11.30. கணவர் வந்தார். தெருவுக்கே டெய்லர். அவளுடைய முதல் சீருடையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அளவு சரியா என்று கேட்கும் சாக்கில் நாலு முறை ஸ்டேஷனுக்கு வந்தவர். தோளில் கடைப்பை, கையில் மூன்று புதுப் புத்தகங்கள்.

"அதை விடு. அடுத்து இதுல ஒண்ணு எடு. கடைக்காரர்கிட்ட நல்லா விசாரிச்சுதான் வாங்கினேன். மூணுமே சந்தோஷமா முடியுமாம்."

"முடிவைப் பத்தி உங்களுக்கு எப்போலேருந்து கவலை?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க. பிளேடு போட்டிருந்தா பின்னட்டையில கோடு விழுந்திருக்கும். அதனால கத்தரி. நர்ஸோட சின்னக் கத்தரின்னா படிக்கட்டு மாதிரி விட்டு விட்டு வெட்டியிருக்கும். இது நீளக் கத்தரி, ஒரே ஓட்டம். அதுக்கும் மேல, அரை அங்குலம் விட்டிருக்கு. திருடறவன் எவனா இருந்தாலும் ஒட்ட வெட்டிட்டுப் போவான். திருப்பித் தைக்கணும்னு நினைக்கிறவர்தான் தையலுக்கு இடம் விடுவார்."

டெய்லர் மறுக்கவில்லை. பையிலிருந்து பதினோரு தாள்களை எடுத்து நீட்டினார். ஓரம்கூட மடங்காமல் அட்டைக்குள் வைத்திருந்தார்.

அவள் வாங்கவில்லை. "முப்பது வருஷமா அந்தத் துணிக் கத்தரியால பேப்பர் வெட்டினா எரிஞ்சு விழுவீங்க. ஒரு நூல் பாக்கெட் பிரிக்கக்கூட விட்டதில்ல. அதையே எடுத்துக் காகிதத்துல போட்டிருக்கீங்கன்னா, விஷயம் சின்னது இல்ல. இந்த அத்தியாயத்துல என்ன இருக்கு?"

"சும்மாதான் கடைசியைப் புரட்டினேன். போர்ல பட்ட காயம் ஆறிடுச்சுன்னு வைத்தியருங்க உப்பரசிகிட்ட சொல்றாங்க. விஷம் உள்ள பரவிட்டது அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியுது. கடைசிப் பக்கத்துல செத்துப்போயிடறா."

இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேரின் வாக்குமூலத்தை முகம் மாறாமல் கேட்டவளுக்கு, இது உப்பரசியைப் பற்றி மட்டும் இல்லை, தன்னைப் பற்றியும்தான் என்று புரிந்தது. பயத்தைவிடக் கோபமே அதிகமாக இருந்தது.

"சாதாரணக் கட்டின்னு சொன்னீங்களே. ரிப்போர்ட் வந்து எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. உன் தம்பிக்கு. பெரிய டாக்டருக்கு."

"என் வயிறு. என் கட்டி. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அப்படித்தானே?"

"உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்."

"உடையறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன். பிணத்தை அடையாளம் காட்ட எத்தனை குடும்பத்தைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கேனா? எங்கிட்ட மட்டும் ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் தாள்களைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, புதுப் புத்தகங்களில் ஒன்றைத் தயங்கித் தயங்கி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதையும் தாள்களையும் ஒன்றாக ஓரம் தள்ளினாள்.

"இதெல்லாம் அப்புறம். அடுத்து ரிப்போர்ட்டைத்தான் படிக்கப்போறேன். எடுங்க."

அவர் சட்டையின் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். மூன்று நாள் வியர்வையில் அது துவண்டிருந்தது.

"நான் வெளியில இருக்கட்டுமா?"

"உட்காருங்க. படிச்சு முடிச்சதும் உங்களை இன்னும் திட்ட வேண்டியிருக்கு."

அவர் உட்கார்ந்தார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயர் இருந்த முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.