சிவந்த முட்டைத் துண்டு

மூன்றரை மணிக்கு லேபில் வேலை பார்க்கும் செல்லக்கனி செக்யூரிட்டி அறைக்குள் ஓடிவந்தாள். கைக்குட்டைக்குள் ஒரு சோதனைக் குழாய்.

“சார், நாலு மணிக்குள்ள ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போன்னு மேடம் சொல்லுதாவ. நான் ஒரு தப்பும் பண்ணல சார்!”

ஒரகடத்தில் செரிமான மருந்து தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி ஜீவானந்தம் நிதானமாக நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளர் கவியாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். பெப்சின் என்பது வயிற்றில் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதி. அமிலத் தண்ணீரில் அதைக் கலந்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் கரைய வேண்டும். இன்று செல்லக்கனி செய்த சோதனையில் கரையவில்லை. துண்டு சிவந்து வேறு போயிருந்தது. பெப்சினை ஃபிரிட்ஜில் வைக்காமல் கெடுத்துவிட்டாள் என்று லேப் பொறுப்பாளர் சசிரேகா அறிக்கை எழுதிவிட்டார். குழாயைக் கொட்டிவிடச் சொல்லியும் செல்லக்கனிக்கு மனம் வரவில்லை.

“ரத்தம் சார்! எவனோ கையை வெட்டிக்கினு மறைக்கிறான்!” என்றாள் கவியா. அவளிடம் ஒரு சந்தேகத்தைக் கொடுத்தால் போதும், அரை நிமிடத்தில் கொலைகாரனையே பிடித்துக் கொடுத்துவிடுவாள்.

ஜீவானந்தம் கண்டுகொள்ளவில்லை. “அமிலத் தண்ணி எதுலம்மா கலந்தே?”

“குடுவையெல்லாம் கழுவப் போயிருந்துச்சு சார். அலமாரியில கெடந்த வெள்ளை ஜக்குல கலந்தேன்.”

“காலைல புது மெஷினுக்குப் பூஜை போட்டாங்களே, நீ இருந்தியா?”

“இல்ல சார், அப்புறந்தான் வந்தேன்.”

“கவியா, அங்க எலுமிச்சம்பழம் இருக்கும். ஒண்ணு எடுத்துனு லேபுக்கு வா.”

லேபில் சசிரேகாவின் முன்னாலேயே குழாய்க்குள் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார். சிவப்பு, மஞ்சளாக மாறியது. கவியா வாயைப் பிளந்தாள்.

“ரத்தம் மஞ்சளாவாது. இது மஞ்சத்தூள். சுண்ணாம்பு பட்டா செவக்கும், புளிப்பு பட்டா பழையபடி ஆவும். அந்த ஜக்குல ஆரத்தி கரைச்சிருக்காங்க. அடியில ஒட்டிக்கினு இருந்த சுண்ணாம்பு அமிலத்தை முறிச்சிடுச்சு. அமிலம் இல்லாம பெப்சின் இன்னா வேலை செய்யும்? மருந்து நல்லாத்தான் கீது.”

கவியாவின் பார்வை சசிரேகாவின் விரல்களுக்குப் போனது. நகக்கண்களில் மஞ்சள் கறை.

“செவந்ததைப் பார்த்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, மேடம்?” என்றார் ஜீவானந்தம்.

சசிரேகா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும். லேப் ஜக்கைப் பூஜைக்கு எடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும் சார்.”

கவியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் செல்லக்கனி முந்திக்கொண்டாள்.

“அதுக்கு என் வேலையா மேடம்?”

சசிரேகா பேனாவை எடுத்தார். அறிக்கையை இழுத்து, செல்லக்கனியின் பெயரை அடித்துவிட்டு, அங்கே தன் பெயரை எழுதினார்.