யாருக்கு உடம்பு சரியில்லை?

"இன்னைக்கு நாம கார்லதான் போறோம்" என்றார் அப்பா தெக்கெஸ்தே.

வின்தாவின் தலையை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. தம்பி நாட்டி திறந்த வாயை மூட மறந்தான்.

அவர்கள் போகவேண்டியது பனைமர வீதிக்கு. படியிறங்கி ரொட்டிக்கடை முனையில் திரும்பினால் வந்துவிடும். மாலை ஐந்தரைக்கு அஸ்மாரா நகரமே அங்கேதான் காலாற நடக்கும். அப்பாவின் ஒரு கையை வின்தாவும் மறு கையை நாட்டியும் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வின்தா வீட்டுப்பாடத்தை வேகமாக முடிப்பாள்.

"இந்தா இருக்கற தெருவுக்கு எதுக்குங்க கார்?" என்றாள் அம்மா.

"தெருவிளக்கு அலுவலகத்துத் துணை மேலாளர் தெருவுல நடக்கலாமா?"

அவர் துணை மேலாளராகி மூன்று நாள் ஆகியிருந்தது.

"அப்போ தெருவிளக்கை யாருப்பா பாப்பாங்க?" என்றான் நாட்டி. அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அலுவலகக் கார் ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி வந்தது. நிறுத்த இடம் கிடைத்தது சந்தைக்குப் பின்னால். அங்கிருந்து, பனைமர வீதியில் அவர்கள் வழக்கமாகப் போகும் காப்பிக் கடைக்கு, வீட்டிலிருந்து வருவதைப்போல மூன்று மடங்கு தூரம். நடந்தே போனார்கள்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிகாரிகள் அப்படித்தான் நடப்பார்களாம். ஊர் வழக்கப்படி தோளோடு தோள் இடித்து நலம் விசாரிக்க வந்தவர்களுக்கும் தலையை மட்டும் அசைத்தார். பிடிக்கக் கை இல்லாமல் வின்தா பின்னால் வந்தாள். இனி தினமும் இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் முதுகைப் பார்த்து நடந்தாள்.

வீடு திரும்பியவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். படிக்கட்டு முழுக்க ஆட்கள். ரொட்டிக்கடைக்காரர் கையில் பெரிய ரொட்டி. தையற்காரர் கையில் ஆரஞ்சுப் பழம். மூன்றாம் மாடி லெம்லெம் அத்தை கீழ்ப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"யாருக்குமில்லையே" என்றார் அப்பா.

"மறைக்காதீங்க. நாலடி தள்ளியிருக்கற தெருவுக்கு நடந்து போறவங்க கார்ல ஏறினா, ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"நாலு பேருமே ஏறினீங்க. தொத்து வியாதியோன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டுல்ல வந்தேன்" என்றார் தையற்காரர்.

லெம்லெம் அத்தை கைத்தடியைத் தரையில் தட்டினார். "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி இறங்கி வந்திருக்கேன். ரெண்டு வருஷத்துல இதான் முதல் தடவை. படுத்திருக்கறது யாருன்னு சொல்லுங்கப்பா."

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. உண்மையைச் சொன்னால் தெருவே ஒரு மாதத்துக்குச் சிரிக்கும். வின்தாவுக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை. காருக்கு வேலை உங்க முழங்காலுக்குத்தான் இருக்கு. நாளைக்குப் பனைமர வீதிக்கு வர்றீங்களா? அப்பா கொண்டுபோய் விடுவாரு" என்றாள் வின்தா.

அதிர்ச்சியில் அப்பாவின் கண்கள் விரிந்தன. வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

லெம்லெம் அத்தை வெள்ளைச் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காப்பிக் கடையில இன்னும் நுரை நிறையப் போடறாங்களா?"

"மீசை வரைக்கும் ஒட்டும்" என்றார் தையற்காரர்.

ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியை அப்பாவின் கையில் வைத்தார். "பதவி வந்ததும் ஆளு மாறிட்டீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

அப்பா ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வின்தாவும் நாட்டியும் அம்மாவும் நடந்தே காப்பிக் கடைக்குப் போனார்கள். லெம்லெம் அத்தையைக் கடை வாசலில் இறக்கிவிட்டு அப்பா காரை நிறுத்தப் போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, அரை மணி ஆயிற்று.

கடைசியில், நசுங்கிய சட்டையும் கோணலான கழுத்துப்பட்டியுமாக வந்து சேர்ந்தார். லெம்லெம் அத்தையை அவர் காரில் கூட்டிவந்த சேதி அதற்குள் வீதி முழுக்கப் பரவியிருந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் அவர் கையை இழுத்துப் பிடித்து, தோளை மூன்று மூன்று முறை இடித்து அனுப்பியிருந்தார்கள். துணை மேலாளர் ஆன பிறகு அவர் சிரித்து வின்தா பார்த்தது இப்போதுதான்.

"உட்காராதே தம்பி" என்றார் லெம்லெம் அத்தை, உதட்டில் நுரையோடு. "பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒரு சுத்துப் போயிட்டு வா. நான் மெதுவாத்தான் குடிப்பேன்."

அவர்கள் மூன்று சுற்றுப் போனார்கள்.