எழுத்தர்களுக்காக ஒரு மறியல்

காலை பத்து மணிக்கு மாவட்ட நில அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஊழியரின் உடல் எங்கே என்று அரசு கேட்பதை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மனம் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. பணியில் சேரும் நாளன்றே காதுக்குப் பின்னால் மனவருகைச் சில்லு ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். எண்ணம் கோப்பிலிருந்து மூன்று நிமிடம் விலகினால் அரைநாள் விடுப்பு போய்விடும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் விலகல்தான். குளிக்கும்போது கோப்பை நினைக்கத் தடையில்லை; பலரும் நினைத்தார்கள்.

ஊழியர் சங்கச் செயலாளர் அவிநாசியப்பன் போராட்டத்துக்குப் பேர்போனவர். துறைமுகச் சுமையாளர்களுக்காகத் தீர்மானம் போட்டிருக்கிறார். விண்கல் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒருநாள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். சில்லைப் பற்றி மட்டும் எந்தத் தீர்மானமும் போட்டதில்லை. அது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்த ஆண்டு மூங்கில்சரிவுக்கு ஆபத்து வந்தது. மலைமேல் நாற்பது வீடுகள் கொண்ட பழங்குடிக் கிராமம் அது. அந்தச் சரிவில் மேகத்திலிருந்து நீர் எடுக்கும் முகில்கறவைக் கோபுரங்களை நட அரசு முடிவு செய்தது. நிலம் எடுக்கும் கோப்பு இந்த அலுவலகத்துக்கே வந்தது. கோப்பை நகர்த்துவதில்லை என்று சங்கம் தீர்மானித்தது.

"தீர்மானம் போட்டா அவங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்டாள் நிலப்பிரிவு எழுத்தர் ரெஜினாமேரி. "அவங்க படற பாடு நமக்குத் தெரிய வேண்டாமா?"

அதற்கும் ஒரு கருவி இருந்தது: உடனுணர்வு வில்லை. பேசத் தெரியாத குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று அறிய மருத்துவர்கள் பயன்படுத்துவது. இருவர் பிடரியில் ஒட்டிக்கொண்டால் ஒருவர் உணர்வது மற்றவருக்கும் வரும். எண்ணங்கள் வராது, உணர்ச்சி மட்டும். அவிநாசியப்பன் நாற்பது இணை வாங்கிக்கொண்டு மலையேறினார்.

கிராமத் தலைவி நஞ்சி வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஒட்டிக்கிட்டா எங்க மலை நிக்குங்களா?"

"உங்க வேதனை எங்களுக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சு?"

அவர் அடுத்த வில்லையின் உறையைப் பிரித்தார். நஞ்சி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பாவம் என்று ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்கு ஒருவராக ஊராரும், இணை வில்லைகளை எடுத்துக்கொண்டு அலுவலக எழுத்தர்களும் ஒட்டிக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையில் அவிநாசியப்பனுக்கு வலது முழங்கால் வலித்தது. அது நஞ்சியின் முழங்கால். பதினொரு மணிக்கு அடிவயிறு சுருண்டது. மலைமேல் அளவை ட்ரோன் பறந்த நேரம் அது. நாற்பது மேடைகளில் 'நிலம் பறிபோகும் வேதனை' என்று முழங்கியவர், அந்த வேதனை வயிற்றில்தான் தொடங்கும் என்பதை அன்றுதான் அறிந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்கு நேர்ந்தது வேறு. மார்பில் ஏதோ கழன்று விழுந்தது. தோள்கள் இறங்கின. மூச்சு அடிவரை போய் வந்தது. மாரடைப்பு என்று நினைத்து மருத்துவமனைக்கு ஓடினார்.

மருத்துவர் சோதித்து, வில்லையின் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க. மலையில அந்தம்மா வேலை முடிச்சு சும்மா உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான்."

மனம் விலகியதற்காகச் சில்லு அரைநாளைக் கழித்தது.

வில்லையோடு வந்த துண்டுத்தாளைச் சங்கத்தில் யாரும் படிக்கவில்லை. அதற்கு ஒன்பது நொடி போதாது. வில்லை இருவழியில் வேலை செய்யும் என்று அதில் எழுதியிருந்தது.

நான்காம் நாள் காலை மூங்கில்சரிவே இறங்கி வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்தது. அவிநாசியப்பன் பதறிப்போய் வெளியே வந்தார்.

"நாங்கதான் உங்களுக்காகப் போராடறமே! நீங்க ஏம்மா வந்தீங்க?"

"அது இருக்கட்டும்," என்றாள் நஞ்சி. "பத்து மணியானா உங்களுக்கு என்ன பண்ணுது? மொத நாள் யானை வந்திருச்சாக்கும்னு தீப்பந்தம் எடுத்துட்டு ஓடினோம். ஒண்ணையும் காணோம். யானைன்னா வரும், போயிரும். உங்களுது போகவே மாட்டேங்குது. சோறு உண்ணும்போதும் இருக்குது, தூங்கும்போதும் இருக்குது."

"அது வந்து... வேலைம்மா."

"மூணு நாளா எங்க ஊருல யாருமே சரியாத் தூங்கலீங்க. கூடிப் பேசினோம். எங்க மலைக்கு நாங்க எப்படியும் நிப்போம். உங்களுக்கு நிக்க யாருமில்ல. அதான் வந்தோம்."

ரெஜினாமேரி சன்னல் ஓரத்தில் நின்று அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அரசு திணறியது. பழங்குடியினர் நிலம் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி இருந்தது. ஊழியர் வேலைநிறுத்தத்துக்கும் இருந்தது. பழங்குடியினர் எழுத்தர்களுக்காக உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. வெட்கப்பட்ட எழுத்தர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தார்கள். ஆறாம் நாள், மூன்று மாதத்துக்குச் சில்லுகளை நிறுத்திவைக்க ஆட்சியர் உத்தரவிட்டார்.

அந்த வாரமே ரெஜினாமேரி முகில்கறவைக் கோப்பை ஒரு பிற்பகல் முழுதும் வாசித்தாள். அந்த அலுவலகத்தில் வெகுகாலமாக யாரும் செய்யாத வேலை அது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பழைய உத்தரவு கிடந்தது: கிராமசபை சம்மதிக்காமல் சரிவில் ஒரு பிடி மண்ணையும் எடுக்கக் கூடாது. சபை சம்மதிக்கவில்லை. அந்த உத்தரவைக் காட்டி ஊரார் வழக்குப் போட்டதும் நீதிமன்றம் கோபுரங்களுக்குத் தடை விதித்தது.

மலை நின்றது. நஞ்சி மட்டும் வில்லையைக் கழற்றவில்லை, அவிநாசியப்பனையும் கழற்ற விடவில்லை. மனுசன் தேறிட்டாரா என்று பார்க்க வேண்டாமா என்றாள்.

சில்லு ஓய்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவிநாசியப்பனுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏனுங்க, நெஞ்சு பழையபடி அடிக்குதே! சில்லைத் திரும்பப் போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைதானே? அப்புறம் யாரு உங்க நிமிசத்தை எண்ணுறாங்க?"

அவர் காலையிலிருந்து ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஒருமுறை, ஏதாவது கோப்பு வந்திருக்கிறதா என்று கைத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் பதினாறு பேர் கடையில் தங்கள் காசிலேயே சில்லைப் போலவே நிமிடத்தை எண்ணும் கருவி வாங்கிவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"யாரும் இல்லம்மா," என்றார். "நானேதான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

மலைமேல் யாரிடமோ கலந்து பேசும் சத்தம் கேட்டது.

"அப்படீங்களா," என்றாள் நஞ்சி. "அப்ப அடுத்த மறியல் உங்க வீட்டு வாசல்லதானுங்க. எப்ப வரட்டும்?"