பக்கத்து இருக்கையின் மூச்சு

காலடியில் இருந்த பை மூச்சு விட்டது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எதுவுமே அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மகளைப் பார்க்கப் போன இடத்தில் குளியலறையில் சரிந்தவர், இப்போது இதே விமானத்தின் அடித்தட்டில், சரக்கோடு சரக்காக, பெட்டிக்குள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். டிக்கெட்டைப் போகவும் வரவும் சேர்த்தே எடுத்திருந்ததால் பக்கத்து இருக்கை காலி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு அவருக்கு. முகமூடியும் நீளக் குழாயுமாக இருக்கும் அந்தக் காற்று மெஷின் இல்லாமல் கண்ணை மூடமாட்டார். இனிமேல் இது எதற்கு என்று மகள் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். இவள் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

வெளியே நல்ல பகல். ஜன்னல்களை அடைத்து உள்ளே ஓர் இரவைச் செய்து வைத்திருந்தார்கள். ஆறிப்போன சாப்பாட்டுத் தட்டுகளின் வாடையும் கழற்றிப் போட்ட காலுறைகளின் வாடையும் தேங்கிக் கிடந்த அந்த இருட்டில், என்ஜின் இரைச்சலுக்கு அடியில், அவளுக்குப் பழகிப்போன அந்தச் சத்தம் ஏறி இறங்கியது, நின்றது, நின்றபடியே வெகுநேரம் இருந்துவிட்டு மறுபடி தொடங்கியது.

பணிப்பெண் குனிந்து, மெஷின் பேட்டரியில்தானே ஓடுகிறது என்று விசாரித்தாள்.

“இதுல பேட்டரியே இல்லம்மா.”

பணிப்பெண் பக்கத்து இருக்கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “சரி, எழுப்ப வேணாம். சார் தூங்கட்டும்.”

இப்போது பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். சீட் பெல்ட் பூட்டியிருந்தது. அதன்மேல் ஒரு போர்வை, தட்டையாக. வேறொன்றுமில்லை.

பையைத் திறந்தாள். முகமூடி ஈரமாக இருந்தது. அவருடைய சவர சோப்பு வாசனை அதில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற ஆசையில் முகத்தில் வைத்தாள். ஒரே ஒரு தடவை.

காற்று வரவில்லை. போனது. அவளுக்குள்ளிருந்து, நிதானமாக.

முகமூடியை எடுக்கப் பார்த்தாள். கழன்று வரவில்லை.

குழாயைத் தடவிக்கொண்டே கையை நகர்த்தினாள். மெஷினில் அது மாட்டியிருக்கவில்லை. பையைத் தாண்டி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஏறி, பக்கத்துப் போர்வைக்குள் போயிருந்தது. வெதுவெதுப்பாக.

போர்வை எழும்பியது. தாழ்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டிராத மாதிரி, தடங்கலே இல்லாத மூச்சு.

கத்த வேண்டும். அதற்கும் மூச்சு வேண்டும்.

பணிப்பெண் திரும்ப வந்தாள். திறந்திருந்த இவள் கண்களை அந்த இருட்டில் கவனிக்காமல், இவள் மேலிருந்து நழுவிய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனாள்.

பக்கத்துப் போர்வை மெல்ல அசைந்து, அவள் பக்கமாகப் புரண்டு படுத்தது.